புதுப்பிப்பு: தயிர் ஸ்லைடு ஏன் பிங்க்கா வந்துச்சுன்னு தெரிஞ்சிருச்சு லா

போன வாரம் கேட்டிருந்தேன்ல, வீட்டுத் தயிரை கிராம் ஸ்டெயின் பண்ணா (பாக்டீரியாவுக்கு சாயம் ஏத்தி, ஊதாவா பிங்க்கான்னு வகை பிரிக்குறது) எல்லாமே பிங்க்கா வருது, ஆனா தயிர்ல இருக்குற லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா கிராம் பாசிட்டிவ் (ஊதா சாயத்தை விடாத வகை) ஆச்சே, ஊதாவா தானே வரணும்னு. நேத்து சுங்கை சிப்புட்ல எங்க ஃபார்ம் சிக்ஸ் (யுனிவர்சிட்டிக்கு முந்தின வகுப்பு) லேப்ல திரும்ப செஞ்சேன், தப்பு என் கையில தான்.

கலர் இன்னும் போகுதேன்னு, சாயத்தை கழுவுற ஆல்கஹாலை அரை நிமிஷத்துக்கு மேல ஊத்திருக்கேன். இந்த வகை பாக்டீரியாவோட தடிச்ச பெப்டிடோகிளைகன் (செல் சுவரோட பொருள்) சுவர்தான் கிரிஸ்டல் வயலட்டையும் (முதல்ல விடுற ஊதா சாயம்) அதோட சேருற அயோடினையும் உள்ள பிடிச்சு வைக்குது, ரொம்ப கழுவினா அதுவும் விட்டுரும், அப்புறம் கடைசியா விடுற சாஃப்ரனின் சாயம் ஏறி பிங்க். இந்த தடவை ஸ்லைடை சாய்ச்சு சொட்டு சொட்டா விட்டு, வழியுறது வெளுத்த உடனே பைப்ல காட்டிட்டேன், 10 செகண்ட் கூட இல்ல.

இன்னொன்னு, அன்னைக்கு எடுத்தது நாலு நாள் புளிச்ச தயிர், கிழடு தட்டின செல்லு பாசிட்டிவா இருந்தாலும் பிங்க்கா காட்டுமாம். தோட்டத்து மாட்டுக்கார தாத்தா பால்ல புதுசா உறைய வச்சு, ஆயில் விட்டு 100 எக்ஸ் லென்ஸ்ல பார்த்தா ஊதா குச்சிங்க, நடுவுல மணி கோத்த மாதிரி உருண்டைங்க. அழகு லா!

ஆல்கஹால் எவ்ளோ நேரம்னு கரெக்டா கேட்ட தைப்பிங் அண்ணனுக்கு தேங்க்ஸ். நகமெல்லாம் இன்னும் ஊதா, அம்மா சோத்துல கை வைக்க விடல.