பிளஸ் டூ படிக்காமல் பி.இ. சேர்ந்த கதை

லேத்துக்காரன்:

2007-இல் நான் பத்தாம் வகுப்பு முடித்தபோது என் எதிர்காலத்தைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த பேச்சு பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. "பிளஸ் டூ இரண்டு வருடம், இன்ஜினியரிங் நான்கு வருடம். ஆறு வருடம் யார் தாங்குவது? டிப்ளமோ என்றால் மூன்றே வருடம், நான்காவது வருடம் சம்பளம்" என்றார் அப்பா. டிப்ளமோ மூன்று, அதன்பின் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் பி.இ. மூன்று, கூட்டினால் அதுவும் ஆறுதான் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. மெக்கானிக்கல் டிப்ளமோவில் சேர்ந்தேன்.

பிளஸ் டூ போன நண்பர்கள் 2009-இல், இன்ஜினியரிங் இடத்துக்கான தரவரிசை மதிப்பெண்ணான கட்-ஆஃப் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. நுழைவுத் தேர்வு எடுக்கப்பட்ட பிறகு எல்லாமே அந்த 200-க்குள்தான். அரை மார்க்குக்கு அவர்கள் தவிப்பதைப் பார்த்து, நமக்கு இந்தத் தொல்லை இல்லை என்று கொஞ்சம் இறுமாப்பாகவே இருந்தேன்.

அடுத்த வருடம் என் முறை வந்தது. டிப்ளமோ முடித்தவர்களுக்கான கலந்தாய்வு அப்போது காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் நடந்தது. இரவு பஸ் ஏறி விடியற்காலை நான்கு மணிக்கு இறங்கினோம். அப்பா பஸ் நிலையக் குழாயில் முகம் கழுவி, மஞ்சள் பையிலிருந்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து மாற்றிக்கொண்டார். இடம் கிடைக்கப்போவது அவருக்குத்தான் என்பது போல இருந்தது. அரங்கத்துத் திரையில் கல்லூரிப் பெயர்களுக்கு எதிரே காலியிடங்கள் குறைந்துகொண்டே வந்தன. நான் குறித்து வைத்திருந்த கல்லூரிக்கு எதிரே 3 இருந்தது. 2 ஆனது. எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது 0 ஆனது. அடுத்து எந்தக் கல்லூரி என்று தடுமாறியபோது அப்பா கேட்டது ஒரே கேள்வி: "நம் ஊரிலிருந்து அதற்கு நேர் பஸ் இருக்கிறதா?" அப்படித்தான் கல்லூரி முடிவானது.

மூன்றாம் செமஸ்டர் கணக்கு வகுப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பலகையில் ஒரு குறி எழுதினார்கள். கண்ணாடியில் தெரியும் 6 மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்தவனிடம் "இது என்ன எண்?" என்று கேட்டேன். நுண்கணிதத்தில் வரும் பகுதி வகைக்கெழுவின் (partial derivative) குறி அது, ∂. முதலாண்டில் இரண்டு கணக்குப் பேப்பர் எழுதி முடித்திருந்த அறுபது பேருக்கு நடுவே, அதை எண் என்று நினைத்த ஒரே ஆள் நான். அந்த செமஸ்டரில் இரண்டு அரியர்.

பட்டறை வகுப்பில் கதை தலைகீழ். உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத் இயந்திரத்தை ஓடவிடவே பயந்தவர்களுக்கு நடுவில், உலோகத்தைப் பிடித்துச் சுழலும் சக்கில் அதன் சாவியை மறந்துவிட்டு மோட்டாரைப் போடப்போன ஒருவனின் கையைத் தட்டிவிட்டேன். அவன்தான் வகுப்பில் முதல் மதிப்பெண். அன்று மாலையே ஓர் ஒப்பந்தம்: எனக்கு அவன் கணக்கு, அவனுக்கு நான் லேத்தும் வரைபடமும். அரியர் இரண்டும் அப்படித்தான் தீர்ந்தன.

கணக்கு டீச்சர்:

"இது என்ன எண்?" என்ற அந்தக் கேள்வியை என் வகுப்பிலும் ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. டிப்ளமோ மாணவர்கள் வந்து சேரும்போது பாடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். கடைசி வரிசையில்தான் இடம் இருக்கும். நாலைந்து வருடம் கழித்துத்தான் எனக்குப் புத்தி வந்தது. சனிக்கிழமை காலையில் முதலாண்டுக் கணக்கைச் சுருக்கி ஆறு வாரம் எடுத்தேன். தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவன் வகுப்பில் தூங்கியதும் உண்டு. எழுப்பவில்லை.

அரசுப்பள்ளி அப்பா:

உங்களுக்காவது கதவு திறந்தது. எங்களுக்குக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரியும் முன்பே அது மூடிவிட்டது. 2021-இல் தமிழக அரசு, பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கியது. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். என் மகள் 2022-இல் பிளஸ் டூ முடித்தாள், அரசுப் பள்ளிதான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் சான்று வேண்டும் என்றார்கள். தலைமையாசிரியர் வகுப்பு வாரியாக எழுதிக்கொண்டே வந்தார். ஆறு, ஏழு என்ற இரண்டு வரியில் பேனா நின்றுவிட்டது.

அந்த இரண்டு வருடமும் வீட்டுக்கு எதிரே இருந்த அரசு உதவி பெறும் பள்ளியில் சேர்த்திருந்தோம். சாலையைக் கடக்க வேண்டாமே என்று. அங்கே சத்துணவு அரசுடையது, புத்தகம் அரசுடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. பள்ளி மட்டும் அரசுப் பள்ளி இல்லையாம்! பொதுக் கலந்தாய்வில் இடம் கிடைத்தது, சுயநிதிக் கல்லூரி. மாதாமாதம் கடன் கட்டிக்கொண்டிருக்கிறேன். பதினொரு வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பின்னால் வரப்போகும் சட்டத்தையா நினைத்துப் பார்ப்போம்?

என் மைத்துனர் கதை இதைவிடக் கொடுமை. பிளஸ் டூ எழுதாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கினார். அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில், பத்து, அதன்பின் பன்னிரண்டு அல்லது டிப்ளமோ, அதன்பின் பட்டம் என்ற வரிசை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது நாற்பது வயதில் பிளஸ் டூ தனித்தேர்வுக்குப் படிக்கிறார். அதற்குப் பிறகு பட்டத்தையும் மறுபடி படிக்க வேண்டும்.

போகட்டும், ஒரு சந்தேகம். இளையவன் பிளஸ் டூவில் குறைந்த மார்க். அவனை டிப்ளமோவில் போடலாமா?

லேத்துக்காரன்:

போடலாம் அண்ணா. அறிவியல் பாடம் எடுத்திருந்தால் பாலிடெக்னிக்கிலும் அவன் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், ஐ.டி.ஐ. முடித்தவர்களும் அப்படி வருகிறார்கள். டிப்ளமோ இரண்டு, பிறகு பி.இ. மூன்று, ஆக ஐந்து வருடம். நேரே போகிறவனைவிட ஒரு வருடம் கூடுதல். நடுவில் வேலை கிடைத்தால் நின்றும்கொள்ளலாம், என் கூட்டாளிகளில் பாதிப்பேர் அப்படி நின்றவர்கள்தான். எதற்கும் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தக் கண்ணாடி 6-ஐ இப்போதே அவனுக்கு அறிமுகப்படுத்திவிடுங்கள்.