நேர்மையானவர் வீழ்கிறார், வஞ்சகர் வாழ்கிறார்: இறைவனின் நீதியை எப்படி நம்புவது?

ஏற்காட்டுவாசி (கேள்வி):
எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒருவர் கடந்த மாசியில் மிளகு பறிக்கும்போது, சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஒற்றை மூங்கில் ஏணி சறுக்கியதால் விழுந்து உயிரிழந்தார். காப்பிப் பழத்தை எடைக்குக் கொடுக்கும்போது பச்சைக் காய்களை மூட்டையின் அடியில் மறைப்பது தோட்டங்களில் புதிதல்ல. அவரோ சாக்கை விரித்து அவற்றைப் பொறுக்கித் தனியே குவித்த பிறகுதான் மூட்டையைத் தூக்குவார். அதே தோட்டத்தில் கூலியாட்களின் எடையைக் குறைத்து எழுதி வந்தவர் மாடி வீடு கட்டிக் குடியேறிவிட்டார். துக்க வீட்டில் ஒருவர், "நல்லவர் என்பதால்தான் ஆண்டவர் சீக்கிரம் அழைத்துக்கொண்டார்" என்றபோது, இறந்தவரின் மனைவி, "அப்படியென்றால் என் பிள்ளைகள்மேல் அவருக்கு இரக்கம் இல்லையா?" என்று கேட்டார். இறைவன் நீதியுள்ளவர் என்று நான் நம்புகிறேன். ஆனால் அந்த அம்மாவின் முன்னால் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சூரமங்கலத்தார்:
அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்று பெரியவர்கள் சொன்னது பொய்க்காது. மாடி வீட்டைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

ஏற்காட்டுவாசி:
நன்றி ஐயா. எடையைக் குறைத்தவர் நாளை தண்டிக்கப்பட்டாலும் இறந்தவர் திரும்பி வரப்போவதில்லை. என் கேள்வி அவரைப் பற்றியது.

மறைக்கல்வி ஆசிரியர், அஸ்தம்பட்டி:
விவிலியத்தின் யோபு நூலில், குற்றமற்றவராக இருந்தும் பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் மூன்று நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவருடன் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. வாய் திறந்த பிறகுதான், நீ பாவம் செய்யாமலா கடவுள் இப்படி அடிப்பார் என்று வாதாடத் தொடங்கினார்கள். அந்நூலின் 38ஆம் அதிகாரத்தில் பேச வரும் கடவுள் துன்பத்துக்குக் காரணம் எதையும் கூறாமல், உலகுக்கு நான் அடித்தளமிட்டபோது நீ எங்கிருந்தாய் என்று கேட்கிறார். பலரும் இதை வாயடைக்கும் பதிலாகவே படித்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 42ஆம் அதிகாரம் வரை போனால், தமக்காக வாதாடிய நண்பர்கள்மீதே கடவுள் சினம் கொள்வதையும், தம்மோடு வழக்காடிய யோபுவே தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியதாகக் கூறுவதையும் காணலாம். சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டபோதும், அவர்கள் எருசலேமில் மற்ற எவரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை இயேசு மறுத்தார் (லூக்கா நற்செய்தி 13). ஆகவே அந்த அம்மாவின் கேள்வியை நம்பிக்கைக் குறைவு என்று யாரும் அடக்க வேண்டாம். அதை அவர் கடவுளிடமே கேட்கட்டும்.

சேலம் டவுன் சைவர்:
சுகவனேசுவரர் கோயிலில் தேவாரம் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சூலை நோயில் துடித்த அப்பர், திருவதிகையில் பாடிய முதல் பதிகத்தைத் தொடங்கும்போதே, இப்படி வருத்தும் அளவுக்குக் கொடுமைகள் செய்ததாக நான் அறியேன் என்று சிவனிடமே முறையிடுகிறார். அந்த முறையீட்டைத்தான் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் திருமுறையாக ஓதி வருகிறோம். வினைப்பயன் என்ற கொள்கையை நான் ஏற்கிறேன். ஆனால் அது என் வாழ்வை நானே சோதித்துக்கொள்வதற்கு உரியதே தவிர, அடுத்த வீட்டுச் சாவுக்குத் தீர்ப்பு எழுதும் உரிமையை எனக்குத் தரவில்லை.

தோட்டத் தொழிலாளி மகன்:
எல்லோரும் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. ஏணியின் அடியில் பிடித்துக்கொள்ள ஆள் இருந்ததா, இடுப்புக்குக் கயிறு கொடுத்தார்களா என்பவற்றுக்கு மனிதர்கள்தாம் பதில் சொல்ல வேண்டும். அவற்றையும் இறைவனின் மறைபொருள் என்று ஒதுக்கிவிட்டால் தோட்டத்துக்காரருக்குத்தான் வசதி. அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவரின் செவிக்கு எட்டிவிட்டது என்று விவிலியத்தின் யாக்கோபு திருமுகமும் (5:4) கூறுகிறதே! வேலையின்போது நேரும் மரணத்துக்கு இழப்பீடு கோரச் சட்டத்தில் இடமுண்டு. அதற்குக் கால வரம்பும் உண்டு. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, கையில் இருக்கும் கூலிச் சீட்டுகள் ஆகியவற்றுக்கு நகல் எடுத்துக்கொண்டு சேலத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகச் சொல்லுங்கள். மலையிலிருந்து தனியாக இறங்கிவர அந்த அம்மா தயங்கலாம்; நீங்களும் கூடப் போங்கள்.