கல்லூரி அணியுடன் பணிபுரிய பிசியோதெரபி படிப்பதா, உடற்கல்வி படிப்பதா?

கேள்வி – கொழிஞ்சாம்பாறை மாணவன்

வணக்கம். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவை முடித்திருக்கிறேன். 200 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். தொடையின் பின்தசை கிழிந்ததால் ஓட்டத்தை விட வேண்டியதாயிற்று. கல்லூரி அணியுடனேயே இருந்து, காயம் நேராமல் காப்பதும் அடிபட்டவர்களை மீண்டும் களத்துக்குத் தயார்ப்படுத்துவதும் என் விருப்பம். அமெரிக்காவில் இவர்களை அத்லெடிக் டிரெய்னர் என்கிறார்கள். நம் பக்கத்தில் இதற்கு என்ன படிக்க வேண்டும்? வீட்டில் பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்) படிக்கச் சொல்கிறார்கள்.

பதில் – விளையாட்டுப் பிசியோதெரபிஸ்ட், கோயம்புத்தூர்

தம்பி, இங்கே அந்தப் பெயரில் தனித் தொழில் உரிமம் கிடையாது. அந்த வேலையின் பெரும்பகுதியைப் பிசியோதெரபிஸ்டுகளே செய்கிறோம். பி.பி.டி. (பிசியோதெரபி இளங்கலை) முடித்து, எம்.பி.டி.யில் (அதன் முதுகலை) விளையாட்டுப் பிரிவை எடுப்பதே நேர்வழி. ஆனால் பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளில் இதற்கென நிரந்தரப் பணியிடம் இல்லை. போட்டிக் காலத்துக்கு மட்டும் அழைப்பார்கள், மற்ற நாள்களில் கிளினிக்தான் சோறு போடும்.

டேப் சுற்றுவதும் ஐஸ் வைப்பதும் விரைவில் கைவந்துவிடும். கடினமானது, யாரை எப்போது களத்தில் இறக்குவது என்ற முடிவு. முன்பு கிழிந்த பின்தசை மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம் என்பதால், எத்தனை வாரம் ஆயிற்று என்று எண்ணாமல், இரு கால்களின் வலிமையும் ஒத்திருக்கிறதா, முழு வேகத்தில் ஓடும்போது வலிக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊருக்கு இன்னொன்றும் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட காற்று வீசும் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பயிற்சியின்போது ஒருவர் நிலைகுலைந்து உளறத் தொடங்கி, உடலின் உள்வெப்பமும் 40 டிகிரிக்கு மேல் போயிருந்தால், ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் அவரைக் கழுத்துவரை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் அமர்த்த வேண்டும். முதல் அரை மணி நேரம்தான் உயிரைக் காக்கும். மைதானத்தோரம் அப்படியொரு தொட்டி தயாராக இருக்கும் கல்லூரியை நான் அதிகம் பார்த்ததில்லை.

பதில் – வேலந்தாவளத்தைச் சேர்ந்தவர், தற்போது அமெரிக்காவில்

இங்கே அத்லெடிக் டிரெய்னர் வேலை மருத்துவம் சார்ந்த தொழில். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990இலேயே அப்படி அங்கீகரித்தது. 2022க்குப் பிறகு இளங்கலையில் புதிய மாணவர்களைச் சேர்ப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற முதுகலையை முடித்து, பி.ஓ.சி. என்ற தொழில் சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டும். வீரர் ஆடலாமா கூடாதா என்பதில் மருத்துவர், அத்லெடிக் டிரெய்னர் ஆகியோரின் முடிவைக் கோச் மாற்ற முடியாது என்பது முதல்நிலைப் பல்கலைக்கழகப் போட்டிகளின் விதி. எனினும் மாலைப் பயிற்சி, வார இறுதிப் பயணம் என்று வீட்டில் இருக்கும் நேரம் குறைவு. குடும்பமான பிறகு பலர் இந்த வேலையை விட்டு விலகுகிறார்கள்.

பதில் – உடற்கல்வி ஆசிரியர், பாலக்காடு

வீட்டார் சொல்வதையும் ஒதுக்கிவிட வேண்டாம். நிரந்தர ஊதியம் உடற்கல்விப் பக்கத்தில்தான் இருக்கிறது. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ள லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி நல்ல இடம். ஆனால் பி.பி.எட். மட்டும் கல்லூரிப் பணிக்குப் போதாது. யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி முதுகலையில் 55 விழுக்காடும், நெட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். அதற்கு மேல், முப்பது வயதுக்குட்பட்ட ஆண்கள் 12 நிமிடத்தில் 1800 மீட்டரைக் கடக்க வேண்டும். அதற்குள் உங்கள் தொடை ஆறியிருக்கும்!

இருப்பினும், காயத்துக்குச் சிகிச்சை அளிக்கும் தகுதியை அந்தப் படிப்பு தராது. அதுவே உங்கள் விருப்பம் என்றால் பி.பி.டி.யில் சேர்ந்துவிட்டு, மாலை நேரங்களில் அருகிலுள்ள கல்லூரி அணியுடன் இருக்க அங்குள்ள உடற்கல்வித் துறைத் தலைவரிடம் அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.