ஸ்பிளெண்டரில் இரண்டு பேர் போனால் பின்பக்கம் இடிக்கிறது

கேள்வி: எனக்கு 70 கிலோ, மனைவிக்கு 60. ஸ்பீடு பிரேக்கரில் பின்னாடி 'டக்'குனு அடிக்குது. ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கிற அஞ்சு ஸ்டெப்பில் இப்போ இரண்டாவதில் இருக்கு. ஸ்டெப்பை மாத்தணுமா?

பதில் 1: மாத்துங்க. 130 கிலோவுக்கு நாலாவதில் ஆரம்பிச்சுப் பாருங்க. சென்டர் ஸ்டாண்டில் ஏத்தி, காலரில் (ஸ்டெப் மாத்துற வளையம்) படிஞ்ச மண்ணைப் பிரஷ்ஷால் தேய்ச்சு எடுத்துட்டு, சி-ஸ்பேனரை (கொக்கி மாதிரி வளைஞ்ச ஸ்பேனர்) காலரில் இருக்கிற பள்ளத்தில் முழுசா மாட்டித் திருப்புங்க. பாதி மாட்டினா வழுக்கி விரல்தான் போகும். துரு பிடிச்சிருந்தா எண்ணெய் விட்டு ஊற விடுங்க. இரண்டு பக்கமும் ஒரே ஸ்டெப் இருக்கணும், இது முக்கியம்.

பதில் 2: கண்ணால் பார்த்து முடிவு பண்ண வேண்டாம், டேப் எடுங்க. சக்கரம் தரையில் படாதப்போ ஆக்சிலுக்கும் நேர் மேலே சீட் அடியில் ஒரு புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளங்க. அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து, வேறொருத்தரை அளக்கச் சொல்லுங்க. சக்கரம் மொத்தம் 100 மி.மீ. ஏறி இறங்கும்னா வித்தியாசம் 30-35 வரலாம். 45 வந்தா இன்னும் ஒரு ஸ்டெப்.

ஸ்டெப் கூட்டினா ஸ்பிரிங் கெட்டியாகாது, வண்டி உயரம்தான் ஏறும். அஞ்சாவதிலும் இடிச்சா ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ராடில் ஆயில் கசிவு, இறங்கின பிறகு வண்டி ஊஞ்சலாடுறது ரெண்டும் இருந்தா டேம்பர் (ஷாக் உள்ளே ஆட்டத்தை அடக்குற பகுதி) போச்சு, ஜோடியாவே மாத்துங்க.

பதில் 1: டயர் காற்றையும் பாருங்க, இரண்டு பேருக்கான அளவு தனி. தனியா ஓட்டும்போது ஸ்டெப்பைக் குறைச்சிடுங்க, இல்லேன்னா இடுப்பு வாங்கிடும்.