‘தரப்படுத்தல்’ வேண்டாம்: முதியோர் குறைநிரப்புக் காப்புறுதிக்கான சொற்கள்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்க முதியோருக்கு மேலதிக மருத்துவக் காப்புறுதி வழங்கும் நிறுவனங்களைப் பற்றி எழுதுகையில், ‘ரேட்டிங்’ என்பதற்குத் ‘தரப்படுத்தல்’ என்ற சொல்லைக் கையாளலாம் எனும் முன்மொழிவை ஏற்க நான் தயங்குகிறேன். 1970களில் இலங்கையின் பல்கலைக்கழக அனுமதியில் புகுத்தப்பட்டு, தமிழ் மாணவரின் வாய்ப்பைக் குறைத்த முறையின் பெயராக அச்சொல் யாழ்ப்பாணத்தில் உறைந்துவிட்டது. அன்று உயர்தரப் பரீட்சை எழுதியவர்களே இன்று அறுபத்தைந்தைக் கடந்து, அமெரிக்காவில் குடியேறியவர்களாயின், இந்தக் காப்புறுதிப் பத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் காப்புறுதியின் பெயர். முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதியாக 1965இல் சட்டமான மெடிகெயாரின் ‘பி’ பகுதி, நோயாளி முதலில் தாமே செலுத்தும் ஆண்டுக் கழிவுத் தொகைக்குப் பின், அங்கீகரித்த மருத்துவச் செலவில் பொதுவாக 80 வீதத்தையே ஏற்கிறது. மிகுதி 20 வீதம் போன்றவற்றை ஈடுசெய்வதற்கே தனியார் காப்புறுதி வாங்கப்படுவதால், ‘துணைக் காப்புறுதி’ என்பதைவிடக் ‘குறைநிரப்புக் காப்புறுதி’ பொருந்தும். பாராளுமன்றத்தின் ‘குறைநிரப்பு மதிப்பீடு’ வழியாக இச்சொல் நமக்குப் பழக்கமானதுதான்.

சிக்கல் ‘ரேட்டிங்’கில்தான் இருக்கிறது, அந்த ஒரு சொல் இங்கே இரு வேறு செயல்களைக் குறிக்கிறது. 1899இல் தொடங்கிய ஏ.எம். பெஸ்ட் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள், இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தீர்க்கும் வல்லமை காப்புறுதி நிறுவனத்துக்கு உண்டா என ஆராய்ந்து எழுத்துக் குறியீடு வழங்குவது ஒன்று. இதனை ‘நிதிவலுத் தரமிடல்’ எனலாம். மற்றையது, வாடிக்கையாளரின் வயதைக் கொண்டோ வயது பாராமலோ கட்டுப்பணத்தை (பிரீமியத்தை) தீர்மானிப்பது. அது தரமே அன்று, ‘கட்டுப்பண நிர்ணயம்’. மெடிகெயார் நன்மைகளைத் தனியார் நிறுவனங்கள் வழியே வழங்கும் மெடிகெயார் அட்வான்டேஜ் திட்டங்களுக்கு அரசு வழங்கும் ஐந்து நட்சத்திர மதிப்பீடு குறைநிரப்புக் காப்புறுதிக்கு இல்லை என்பதால், ‘நட்சத்திரத் தரம்’ என்ற சொல்லையும் இங்கே கலக்கக்கூடாது. பெரும்பாலான மாநிலங்களில் ‘ஜி’, ‘என்’ போன்ற ஒரே எழுத்துப் பெயருள்ள குறைநிரப்புத் திட்டத்தின் அடிப்படை நன்மைகள் எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் ஒன்றே. எனவே வாங்குபவர் ஒப்பிட வேண்டியவை பெரிதும் கட்டுப்பணமும் நிதிவலுவும் முறைப்பாடுகளுமே.

கட்டுப்பண நிர்ணயம் மூவகைப்படும். வயது பாராமல் அனைவரிடமும் ஒரே தொகை பெறுவதை ஆங்கிலத்தைப் பின்பற்றிச் ‘சமூகக் கட்டுப்பணம்’ என்றால், நம்மவர் இனத்தையோ சாதியையோ நினைப்பர். ‘பொதுநிலைக் கட்டுப்பணம்’ பாதுகாப்பானது. வாங்கிய நாளின் வயதைக் கொண்டு நிர்ணயிப்பதைச் ‘சேர்வயதுக் கட்டுப்பணம்’ எனலாம். ‘நிலைக் கட்டுப்பணம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தவறு, ஏனெனில் வயது ஏறுவதால் அது உயராவிட்டாலும் பணவீக்கம் முதலிய காரணங்களால் உயரக்கூடும்.

மூன்றாவது வகையில், அவ்வப்போதைய வயதைக் கொண்டு நிர்ணயிப்பதால், தொடக்கத்தில் மலிவாகத் தோன்றும் தொகை வயதோடு கூடிக்கொண்டே போகும். ‘நடப்புவயதுக் கட்டுப்பணம்’ என்பது இலக்கணமாகச் சரியே. ஆயினும் ‘ஏறுவயதுக் கட்டுப்பணம்’ என்றால், எழுபத்தைந்தில் வரப்போகும் சுமை கையொப்பமிடும் முன்னரே வாசிப்பவருக்குத் தட்டுப்படும். என் வாக்கு அதற்கே.