மாருதி 800: வண்டி சூடானா செல்ஃப் எடுக்கல, ஸ்டார்ட்டர் மோட்டாரை வீட்டிலேயே கழட்டலாமா?

அல்சூர்_800:
வண்டி 1998 மாடல், கார்புரேட்டர். காலையில நல்லா ஸ்டார்ட் ஆகுது. டிராஃபிக்ல ஓட்டி நிறுத்திட்டு உடனே சாவியைத் திருப்பினா ‘டக்’னு ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆறினப்புறம் மறுபடி எடுக்குது. பேட்டரி புதுசு, சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். மோட்டாரையே மாத்தணும்னு சொல்றாங்க. அபார்ட்மென்ட் பார்க்கிங்ல நானே செய்ய முடியுமா? ஸ்பேனர் செட், மல்டிமீட்டர், ஜாக்கி இருக்கு.

ஜெயநகர்_வயரிங்:
தாராளமா செய்யலாம் சார். ஆனா கழட்டுறதுக்கு முன்னாடி அளந்துடுங்க. ‘டக் டக் டக்’னு வேகமா அடிச்சா பேட்டரி இல்லன்னா டெர்மினல் லூஸ். ஒரே ‘டக்’னா சோலனாய்டு (மோட்டார் மேல இருக்கற மின்காந்த சுவிட்ச்) இழுக்குது, மோட்டாருக்குக் கரன்ட் போகல, இல்லன்னா போயும் சுத்தல.

வண்டி சூடா இருந்து எடுக்காத நேரத்துல பாருங்க. கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருத்தர் சாவியைத் திருப்பட்டும். மீட்டரோட கறுப்பு வயர் மோட்டார் பாடியில. சிவப்பை மூணு இடத்துல வைங்க:

சாவியிலிருந்து வர்ற சின்ன வயர்: 10 வோல்ட்டாவது வரணும். 7, 8 தான் வந்தா இக்னிஷன் சுவிட்ச் தேய்ஞ்சிருக்கு, மோட்டார் மேல தப்பில்ல. 30 ஆம்ப் ரிலே (சாவியோட சின்ன கரன்ட்ல பெரிய கரன்டை ஆன் பண்ற சுவிட்ச்) ஒண்ணு போதும். பின் 30-க்கு ஃபியூஸ் வழியா பேட்டரி பிளஸ், 87 சோலனாய்டுக்கு, 86-க்கு சாவி வயர், 85 எர்த்.

பேட்டரி கேபிள் வர்ற தடி போல்ட்: ‘டக்’ அடிக்கும்போது 12 பக்கத்துலயே நின்னா மோட்டார் கரன்டே இழுக்கல. ரொம்ப இறங்கினா கேபிள் கெட்டிருக்கலாம், இல்ல ஆர்மேச்சர் (மோட்டாருக்குள்ள சுத்தற காயில் பகுதி) ஷார்ட் ஆகியிருக்கலாம்.

சோலனாய்டிலிருந்து மோட்டாருக்குள்ள போற போல்ட்: 12 வந்தும் சுத்தலைன்னா கார்பன் பிரஷ் (சுத்தற பகுதிக்கு உரசிக் கரன்ட் கொடுக்கற கட்டி) தேய்ஞ்சிருக்கு. கிட்டத்தட்ட ஒண்ணுமே வரலைன்னா சோலனாய்டு உள்ள இருக்கற செம்பு கான்டாக்ட் எரிஞ்சுபோச்சு.

என்ஜினிலிருந்து பாடிக்கு வர்ற எர்த் பட்டையையும் பாருங்க. பழைய வண்டியில அது பச்சை பூத்து அரிச்சிருக்கும்.

அல்சூர்_800:
அளந்தாச்சு அண்ணா. சின்ன வயர்ல 11.1, கேபிள் போல்ட்ல 12.1, மூணாவதுல 0.3. அப்போ சோலனாய்டா? கழட்டற முறையும் சொல்லுங்க.

கிரீஸ்_கை:
சோலனாய்டேதான். சூட்டுல காயிலோட ரெசிஸ்டன்ஸ் ஏறி இழுப்பு குறையும். கான்டாக்ட்டும் எரிஞ்சிருந்தா சரியா ஒட்டாது. அதான் ஆறினா எடுக்குது. மோட்டார் மொத்தமா வாங்க வேண்டியதில்ல.

முதல்ல பேட்டரி மைனஸைக் கழட்டி ஓரமா கட்டிடுங்க. இதை மட்டும் விடவே கூடாது. அந்தத் தடி கேபிள் நேரா பேட்டரியிலிருந்து வருது, நடுவுல ஃபியூஸ் கிடையாது. ஸ்பேனர் பாடியில பட்டா அங்கேயே வெல்டிங்தான். கீழே படுக்கணும்னா ஸ்டாண்டு வைங்க, ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீங்க.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து போற தடி கேபிளைப் பிடிச்சுட்டே போனா என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற பெல் ஹவுசிங் பக்கம் மோட்டார் இருக்கும். கேபிள் நட்டுக்குப் பெரும்பாலும் 12 நம்பர் ஸ்பேனர், மோட்டார் போல்ட்டுக்கு 14. துரு பிடிச்சிருந்தா முந்தின ராத்திரியே ஆயில் ஸ்ப்ரே அடிச்சு வைங்க. கடைசி போல்ட் எடுக்கும்போது மோட்டாரை ஒரு கையால தாங்குங்க, சின்னதா தெரிஞ்சாலும் கனம். நடுவுல வாஷர், ஷிம் (இடைவெளி சரிபண்ற மெல்லிய தகடு) இருந்தா எந்தப் பக்கம்னு ஃபோட்டோ எடுத்து வச்சு அதே இடத்துல போடுங்க.

வெளிய வந்ததும் பினியனை (ஃப்ளைவீலைச் சுத்திவிடற சின்னப் பல் சக்கரம்) கையால சுத்துங்க. ஒரு பக்கம் லேசா சுத்தணும், மறுபக்கம் ஷாஃப்ட்டோட பிடிக்கணும். ரெண்டு பக்கமும் சுத்தினா பெண்டிக்ஸ் (பினியனை ஒரே திசையில மட்டும் பிடிக்கற கிளட்ச்) போச்சு. பிரஷ் பாதிக்குக் கீழ தேய்ஞ்சிருந்தா இப்பவே மாத்திடுங்க. ஷாஃப்ட்டைத் தாங்கற வெண்கல புஷ் புதுசா போட்டா அதை என்ஜின் ஆயில்ல ஊறவச்சுப் போடணும். கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசற செம்பு வளையம்) மெல்லிய உப்புத்தாளால தேய்ங்க, எமரி பேப்பர் வேண்டாம். அந்தத் தூள் கரன்ட் கடத்தும்.

சாமான் பெங்களூரு ஜே.சி. ரோட்டுல கிடைக்கும். பழைய மோட்டாரைக் கையோட கொண்டுபோய் பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க: சோலனாய்டு போல்ட் இடைவெளி, பிளஞ்சர் (உள்ள இழுபடற இரும்புத் தண்டு) கொக்கி, டெர்மினல் இருக்கற இடம். முழு மோட்டாரே வாங்கறதா இருந்தா பினியன் பல் எண்ணிக்கை, மூக்கு நீளம், சுத்தற திசை.

மாட்டறதுக்கு முன்னாடி தரையில சோதிங்க. மோட்டாரை அழுத்திப் பிடிச்சுக்கணும், துள்ளும். பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் மைனஸ் மோட்டார் பாடிக்கு, பிளஸ் தடி போல்ட்டுக்கு, அங்கிருந்து ஒரு வயரால சின்ன டெர்மினலைத் தொடுங்க. பினியன் வெளிய வந்து சுத்தினா சரி.

ஜெயநகர்_வயரிங்:
மோட்டார் உட்கார்ற முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ங்க, எர்த் அது வழியாத்தான் வருது. கேபிள் நட்டை ரொம்ப முறுக்காதீங்க, போல்ட் உள்ளே சுத்தி சோலனாய்டு மூடி விரிசல் விட்டுடும். பேட்டரி மைனஸைக் கடைசியில மாட்டுங்க. ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல சாவியைப் பிடிக்காதீங்க. ‘கர்ர்’னு அரைச்சா உடனே நிறுத்துங்க. ஷிம் மாறியிருக்கும், இல்லன்னா ஃப்ளைவீல் ரிங் பல் தேய்ஞ்சிருக்கும்.