கடற்கரை வீட்டில் ஸ்டீம்பங்க் அலங்காரம்: பித்தளையும் இரும்பும் உப்புக்காற்றில் நிற்குமா?

மண்டபம்வாசி

வீடு ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில், கடலுக்கு 300 மீட்டருக்குள். முன்கூடம் 14க்கு 12 அடி, உயரம் 10 அடி. தெற்கே இரண்டு பெரிய சன்னல். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் சன்னல் கம்பியைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும்.

இந்தக் கூடத்தை ஸ்டீம்பங்க் பாணியில், அதாவது நீராவிக் காலத்து இயந்திரத் தோற்றத்தில் செய்ய வேண்டும். 14 அடிச் சுவர் முழுக்கக் கொதிகலன் மாதிரி ரிவெட் அடித்த செம்புத் தகடு, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் தொங்கும் மூன்று விளக்கு, ஒரு பல்சக்கரக் கடிகாரம், குழாய் தாங்கும் புத்தக அலமாரி. இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் எல்லாம் உப்புக்காற்று இல்லாத ஊருக்கு எழுதியவை. இங்கே எது நிற்கும், எது நிற்காது? பித்தளைக்கு லாக்கர் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) அடிக்கலாமா? விளக்கு வயரிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பித்தளைப்பட்டறை

முதலில் செம்புத் தகடு. 14க்கு 10 அடி என்றால் 140 சதுர அடி. 0.5 மி.மீ. தகட்டில் போட்டால் 58 கிலோ செம்பு, 0.3 மி.மீ. என்றால் 35 கிலோ. அவ்வளவு வேண்டாம் தம்பி. 4க்கு 4 அடியில் ஒரே ஒரு தகடு, 0.3 மி.மீ., சுமார் 4 கிலோ. அதைச் சுவரின் நடுவில் வைத்துச் சுற்றிலும் கரும்பழுப்பு வண்ணம் அடித்தாலே கண் அங்கேதான் போகும்.

தகட்டை நேரடியாகச் சுவரில் ஒட்டாதீர்கள். நம் பக்கத்துச் சுவர் உப்புப் பூக்கும், பின்பக்கமிருந்தே செம்பு பச்சையாகிவிடும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில் ரப்பர் பசையால் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்துங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் காற்று நடுவில் மாட்டிக் குமிழாக நிற்கும். பலகைக்கும் சுவருக்கும் நடுவே 20 மி.மீ. இடைவெளி விட வேண்டும்.

ஆணி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். செம்புத் தகட்டில் இரும்பு ஆணி அடித்தால் கெடுவது தகடு இல்லை, ஆணி. உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் இரும்புதான் கரையும். பெரிய தகட்டின் முழு வேகமும் ஒரு சின்ன ஆணியின் மேல் விழுவதால் சீக்கிரமே தலை உதிர்ந்துவிடும். செம்புக்குப் பித்தளைத் திருகாணி அல்லது செம்பு ரிவெட் மட்டும்.

நிறம் வேண்டுமென்றால் பளபளப்பை விட்டுவிடுங்கள். நகைப்பட்டறைச் சாமான் கடையில் கிடைக்கும் பொட்டாசியம் சல்பைடு கட்டி 5 கிராமை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, தூரிகையால் தடவுங்கள். செம்பு முதலில் பொன்னிறம், பிறகு சிவப்பு, பழுப்பு, கடைசியில் கறுப்பு ஆகும். பழுப்பில் நிறுத்த ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். வெளியில், காற்றோட்டத்தில் மட்டும் செய்யுங்கள். தகட்டைப் புளி போட்டுத் தேய்த்திருந்தால் ஒரு சொட்டுப் புளிகூட மிச்சமில்லாமல் கழுவிய பிறகே இதைத் தொடலாம். அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு விஷவாயு வரும்.

கழுவப் போர் தண்ணீர் கூடாது, அதிலேயே உப்பு இருக்கிறது. கேன் தண்ணீர் வாங்கிக் கழுவி, உடனே துணியால் ஒற்றி எடுங்கள்.

கப்பி

குழாய்க்கு என் பதில்: ஜி.ஐ. வேண்டாம், பி.வி.சி.யில் செய்யுங்கள். ஜி.ஐ. குழாயில் துரு ஆரம்பிக்கிற இடம் எப்போதும் மரை வெட்டிய முனைதான். வெட்டும்போது துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது. நீங்கள் அழகுக்காக வைக்கிற எல்போ, டீ, யூனியன் எல்லாம் அந்த மரையில்தான் உட்காரும். ஆறு மாதத்தில் ஒவ்வொரு மூட்டிலிருந்தும் செந்நிறக் கோடு சுவரில் இறங்கும்.

பி.வி.சி. குழாயை வார்ப்பிரும்பு மாதிரி காட்டுவது கடினம் இல்லை. அச்சடித்த எழுத்தை 320 எண் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். மினுமினுப்பு முழுக்கப் போய் மங்க வேண்டும், இல்லையென்றால் வண்ணம் தோலாக உரியும். கார் பெயின்ட் கடையில் பம்பருக்கு அடிக்கிற பிளாஸ்டிக் பிரைமர் ஒரு கோட், அதன் மேல் மங்கலான கறுப்பு இரண்டு மெல்லிய கோட். இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே மூட்டுகளின் மேல் மட்டும் சலித்த ஆற்று மணலைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் வார்ப்பின் சொரசொரப்பு வரும். கடல் மணல் எடுத்துவிடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு தூரிகையில் செம்பு நிற அக்ரிலிக் தொட்டு, பழைய துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் உரசுங்கள். கை படுகிற இடத்தில்தான் உண்மையான இரும்பும் தேய்ந்து மின்னும், அதனால் குழாயின் நடுவில் உரச வேண்டியதில்லை.

எல்போவை மட்டும் அடுக்கினால் தண்ணீர்க் குழாய் மாதிரியே தெரியும். இரண்டடிக்கு ஒரு யூனியனோ (ஆறுபட்டை இணைப்பு) பிளாஞ்சோ (போல்ட் போட்ட வட்டத் தட்டு) போடுங்கள். கண்ணை ஏமாற்றுவது அந்த ஆறுபட்டை முகமும் போல்ட் வட்டமும்தான்.

ஒன்று மட்டும்: பி.வி.சி. புத்தகத்தைத் தாங்காது. சுமையைச் சுவரில் மறைத்த பிராக்கெட் தாங்க வேண்டும், குழாய் அதற்கு முன்னால் வேடம் போட்டு நிற்கட்டும்.

ரிவெட்டுக்கும் கணக்கு உண்டு. கொதிகலன் வேலையில் ஓரத்திலிருந்து ரிவெட்டின் நடுவுக்குத் தண்டு விட்டத்தில் ஒன்றரை மடங்கு, ரிவெட்டுக்கு ரிவெட் குறைந்தது மூன்று மடங்கு. 6 மி.மீ. தண்டென்றால் 9 மி.மீ., 18 மி.மீ. இதைக் காட்டிலும் நெருக்கினாலோ தாறுமாறாக அடித்தாலோ பொம்மை மாதிரி ஆகிவிடும்.

இந்தப் பாணிக்கு மாதிரி தேடி லண்டன் வரை போக வேண்டியதில்லை. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடத் திறந்த ஷெர்சர் தூக்குப்பகுதியை நினைத்துப் பாருங்கள். இரண்டு இறக்கை, பல்சக்கரம், ரிவெட் வரிசை, கையால் சுற்றித் திறக்கிற ஏற்பாடு, மேலே நீராவி ரயில். கடிகாரப் பலகைக்கு அந்த வளைவையே வரைந்து எடுக்கலாம். எந்தச் சக்கரம் எதைச் சுற்றுகிறது என்பது அந்த அமைப்பில் ஒரு பார்வையில் புரியும். நீங்களும் பல்லோடு பல் சேர்கிற சக்கரங்களையே வையுங்கள். எதையும் சுற்றாத சக்கரத்தைச் சும்மா ஒட்டினால் இந்தப் பாணியின் உயிரே போய்விடும்.

ஒயர்மேன்

விளக்குக்கு நிஜ இரும்போ செம்போ போடுவதாக இருந்தால் எர்த் இல்லாமல் ஒரு சாணும் போடாதீர்கள் அண்ணே. மூன்று கோர் 0.75 ச.மி.மீ. வயர் எடுத்து, பச்சை வயரை ரிங் லக்கில் (வளைய முனையில்) கோர்த்து, பெயின்ட் சுரண்டிய வெறும் உலோகத்தில் பல் வாஷரோடு முடுக்குங்கள். மரையில் டெஃப்லான் டேப்போ பெயின்ட்டோ இருந்தால் ஒரு துண்டுக் குழாயிலிருந்து அடுத்ததற்கு எர்த் தொடர்கிறது என்று நம்பக் கூடாது. மீட்டரை வைத்து ஒவ்வொரு துண்டையும் பாருங்கள், 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

வெட்டிய குழாயின் உள்விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அரத்தால் மழுக்கி, வெளியே வரும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளை ஓரத்து வளையம்) போடாவிட்டால் வயரின் தோலைக் கிழித்துவிடும். பி.வி.சி. குழாய் என்றாலும் ஹோல்டர் உலோகமாக இருந்தால் அதற்கு எர்த் வேண்டும். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

பல்பு 4 வாட் ஃபிலமென்ட் எல்.இ.டி., 2200 கெல்வின் (மஞ்சள் ஒளி). பழங்காலத்துத் தோற்றத்தில் வரும் 40 வாட் இழை பல்பை மூடிய கண்ணாடிச் சாடிக்குள் போட்டால் ஹோல்டர் கருகும். இங்கே ஹோல்டரின் பித்தளைக் காதும் சீக்கிரம் பச்சை பூக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டுக் காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள்.

ஜி.ஐ. அரை அங்குலக் குழாய் மீட்டருக்கு சுமார் 1.2 கிலோ. மூன்று விளக்கையும் சீலிங் ரோஸில் தொங்கவிடாதீர்கள். கான்கிரீட்டில் 8 மி.மீ. ஆங்கர் ஹூக் போட்டு, சுமை அதில் இருக்கட்டும்.

பனைவைரம்

அலமாரிப் பலகைக்கு யாரும் பனையைச் சொல்லவில்லையே. பழைய ஓட்டு வீடு பிரிக்கிற இடத்தில் பனஞ்சட்டம் கிடைக்கும். கறுப்பு நாரோடு வரும் அந்த வைரத்துக்கு (முற்றிய கெட்டி மரத்துக்கு) பக்கத்தில் பித்தளை வைத்தால் சாயம் பூசிய எந்தத் தேக்கும் ஈடாகாது. உள்பக்கத்து மென்மையான சோற்றுப் பகுதியை முழுக்கச் செதுக்கி எடுங்கள், பூச்சி அதில்தான் விழும். கார்பைடு பல் வைத்த பிளேடு தேவை, சாதாரணப் பிளேடு சீக்கிரம் மழுங்கும். கையுறை போடுங்கள், பனைச் சிராம்பு ஏறினால் எடுப்பது பாடு.

ஆளிவிதை எண்ணெய் மூன்று கோட், ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், குவித்து வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போடுங்கள்.

லாக்கர்பெண்

கடைசியில் லாக்கர் பற்றி யாரும் நேராகச் சொல்லவில்லை. கை படாத உயரத்தில் இருக்கும் பொருளுக்கு அடிக்கலாம். கைப்பிடி, மேசை விளிம்பு, கதவுக் குமிழுக்கு அடிக்கக் கூடாது. லாக்கரில் ஊசிமுனை அளவு கீறல் விழுந்தாலும் உப்பு ஈரம் அதற்குள் நுழைந்து, படலத்துக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி கறுப்புக் கோடாக ஓடும். பிறகு அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது, முழுவதையும் உரிக்க வேண்டும்.

அடிப்பதாக இருந்தால் அசிட்டோனால் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடவே கூடாது. விரல்ரேகை அப்படியே உள்ளே பதிந்து, சில வாரத்தில் பழுப்பாக எழும். ஈரக்காற்று நாளில் அடித்தால் வெள்ளை மூட்டம் படியும். மழையில்லாத மாதம், காலை 11 மணிக்கு மேல், கடல் பக்கத்துச் சன்னலை மூடிவிட்டு, எதிர்ச் சன்னலைத் திறந்துவைத்து.

கை படும் பித்தளைக்கு மெழுகு போதும். மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு வாங்குங்கள். தேன்மெழுகு வேண்டாம், அதன் அமிலமே நாளாவட்டத்தில் பச்சை பூக்க வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கச்சான் காலத்தில் மாதம் ஒருமுறை.

புளிக்குப் பித்தளைப்பட்டறை அண்ணன் சொன்னதோடு இன்னொன்று: ஊறப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். பித்தளை இளஞ்சிவப்பாக மாறினால் துத்தநாகம் கரைந்து மேலே செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நிமிடம் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

மண்டபம்வாசி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பி.வி.சி.யும் பனையும் என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் மூன்று: காயலான் கடையில் ஐஸ் கம்பெனியின் பழைய பிரஷர் கேஜ் இருக்கிறது, கடிகாரமாக்கலாமா? பழைய பெட்ரோமாக்ஸை மேசை விளக்காக மாற்றுவது எப்படி? கண்ணாடிக் குடுவைக்குள் பவளப்பாறைத் துண்டு வைக்கலாமா?

கப்பி

கேஜ் அருமையான பொருள். முகப்பில் அழுத்தத்தோடு வெப்பநிலை அளவும் சேர்ந்து இருந்தால் அது ஐஸ் இயந்திரத்தின் அம்மோனியா கேஜாக இருக்கலாம். அம்மோனியா பித்தளையைத் தின்னும் என்பதால் அதன் உள்ளே எல்லாம் இரும்பு, துரு எவ்வளவு என்று பார்த்த பிறகே வாங்குங்கள். முகப்பு 6 அங்குலம் இருந்தால் சாதாரணக் குவார்ட்ஸ் இயந்திரம், 56 மி.மீ. சதுரம், தாராளமாக உட்காரும். 4 அங்குலத்திலும் உட்காரும், ஆனால் முள் சின்னதாகிவிடும். இருட்டில் ஒளிர்ந்த பழைய கப்பல் கேஜ் கிடைத்தால் முகப்பைச் சுரண்ட வேண்டாம், அதில் ரேடியம் இருக்கலாம். வாங்கும்போதே காந்தம் வைத்துப் பாருங்கள். பித்தளை என்று சொல்வதில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டாலும் அடியில் ஒரு கீறல் போடுங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் துத்தநாக வார்ப்பு.

ஒயர்மேன்

பெட்ரோமாக்ஸ் தொட்டியைத் துளைக்கும் முன் தண்ணீர் நிரப்புங்கள். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே மண்ணெண்ணெய் ஆவி இருக்கும், துளைப்பானின் சூடு போதும். பழைய மாண்டில் (எரியும் வலைத்திரி) ஒட்டிக்கொண்டிருந்தால் ஊதித் தூளாக்காதீர்கள், பழையவற்றில் தோரியம் உண்டு. ஈரத்துணியில் சுற்றி எடுத்துவிடுங்கள். பர்னர் இருந்த இடத்தில் ஹோல்டர், தொட்டி அடியில் குரோமெட் வைத்து வயர், தொட்டியின் உள்சுவரில் எர்த் திருகு.

லாக்கர்பெண்

பவளம் வேண்டாம் தம்பி. பவளப்பாறை, கடல்விசிறி இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை. கரை ஒதுங்கிக் கிடந்தாலும் எடுத்து வீட்டில் வைப்பது குற்றம். அந்தக் குடுவையில் வள்ளத்துப் பழைய மரக்கப்பி ஒன்றைக் கயிற்றோடு வையுங்கள். கயிற்றை மட்டும் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் முறுகக் காயவைத்து உள்ளே போடுங்கள். உப்போடு போட்டால் குடுவை உள்பக்கம் வேர்த்துக்கொண்டே இருக்கும்.